ஒரு விரலில் தூக்கிய வண்டி

அந்தக் கொக்கியை விடுங்கள். கையை எடுங்கள், தம்பி. விலை பேச வந்தவர் விலையைப் பேசாமல் வண்டிக்கு அடியில் குனிந்து எதைத் தேடுகிறீர்கள்? காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கலாம். உள்ளே கொண்டுவந்து, அதுவும் ரிவர்ஸில் வந்து, கேரவனின் மூக்குக்கு நேராக நிறுத்தியிருக்கிறீர்கள். வாங்கி முடித்தவர் மாதிரி.

விளம்பரம் கொடுத்தது நான் இல்லை. அதில் இருக்கிற நம்பரும் என்னுடையது இல்லை. அது என் வீட்டுக்காரி மைனாவதியின் நம்பர். ஈரோட்டில் தம்பி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கரூரில் என் ஷெட்டில் நிற்கிற வண்டியை விற்கிறாள். 'காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எங்கும் போகலாம்.' எங்கும் போகலாமாம்! அந்த வரியை எழுதியது அவள் தம்பி தாமோதரனாகத்தான் இருக்கும். அவளுக்கு அப்படியெல்லாம் எழுத வராது.

நீங்கள் மூன்றாவது ஆள். முதலில் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் வந்தார். அடுத்து மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர். இரண்டு பேரும் உங்கள் கார் மாதிரியே ஒன்றில்தான் வந்தார்கள். மூணு சிலிண்டர்தானே? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது? இருபத்திரண்டா? சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்குத் திரும்பிப் போங்கள். இந்த வண்டியை உங்கள் கார் இழுக்காது. அவர்கள் இரண்டு பேரிடமும் இதைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

போகவில்லையா? சரி, அந்த ஸ்டூலில் உட்காருங்கள். உங்கள் வீட்டம்மாவையும் குழந்தைகளையும் காரிலேயே இருக்கச் சொல்லுங்கள். தரையெல்லாம் தகடு வெட்டின பிசிறு கிடக்கும். கண்ணாடியை இறக்கி என்னையே பார்க்கிறார்கள். சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் முகமே இப்படித்தான்.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டினேன். இந்த ஷெட்டிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் பஸ் போயிருக்கிறது. நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியில் உங்களை முந்திப் போன பஸ்களில் இரண்டில் ஒன்று என்னுடையதாக இருக்கும். பஸ் பாடியில் சாய்வுதான் கௌரவப் பிரச்சினை. ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கினால் போதும், முதலாளி அப்படியே திருப்பி அனுப்புவார். அனுப்பினால் ஊரே பேசும். என் பஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்தக் கேரவனை மைனாவதிக்காகக் கட்டினேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவளை எங்கேயும் கூட்டிப் போகவில்லை. தீபாவளிக்கு ஆர்டர், பொங்கலுக்கு ஆர்டர், கோடை விடுமுறைக்கு ஆர்டர். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். தனுஷ்கோடிப் பக்கம் கடற்கரையில் ஒரு ராத்திரி படுத்து, காலையில் எழுந்து, தன் கையாலேயே டீ போட்டுக் குடிக்க வேண்டும். லாட்ஜில் தங்க மாட்டாள். லாட்ஜ் போர்வை அவளுக்கு ஆகாது. "யார் யாரோ போத்துனதுங்க" என்பாள். சரி, உனக்கு ரூமையே கட்டித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். ஷெட்டை மூடிவிட்டுப் பதினாலு மாதம் இதே வேலை.

உள்ளே எட்டிப் பாருங்கள். ஏறாதீர்கள், எட்டிப் பாருங்கள். மேலே கம்பி ஓடுகிறதா? நிற்கிற பயணிகள் பிடித்துக்கொள்கிற கம்பி. இரண்டு பேர் படுக்கிற வண்டியில் யார் நின்றுகொண்டு வரப் போகிறார்கள்? என் கை அதைத் தானாகவே செய்துவிட்டது. தாமோதரன் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், கண்டக்டருக்கு சீட்டு எங்க வெச்சிருக்கறீங்க?" என்றான். என் ஆட்களே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் எப்போதும் அப்படித்தான். அவன் சொல்கிற எதிலும் கொஞ்சம் முள் இருக்கும்.

ஆனால் வேலை முடிந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆயிரத்து நூறு கிலோ. எடை மேடைச் சீட்டு இருக்கிறது, காட்டுகிறேன். அத்தனை எடையையும் ஒரே அச்சின் மேல் தட்டான் தராசு மாதிரி நிறுத்தினேன். எல்லோரையும் கூப்பிட்டு, அந்த மூக்கை இந்த விரலால், இந்த ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன். வெல்டர் ஆறுமுகசாமி கையைத் தட்டினான். ஆயிரத்து நூறு கிலோவை ஒரு விரல்!

ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்?

சரி. இனிமேல்தான் விஷயம். என்னிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. பெரிய எஞ்சின், ஜீப் மாதிரி உயரம். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். தள்ளுவண்டியிலிருந்து தேர் வரைக்கும் எதை மாட்டினாலும் இழுக்கும். அதற்கு வயதாகிவிட்டது. புதிதாக அதே எஞ்சினில் வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனால், அந்த எஞ்சினையே கம்பெனி நிறுத்திவிட்டதாம். ஏன் என்றேன். மைலேஜ் சட்டம் சார் என்றான் அங்கே இருந்த பையன்.

அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். ஒரு வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தனியாகப் பார்க்க மாட்டார்கள். கம்பெனி ஒரு வருஷத்தில் விற்கிற அத்தனை கார்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரி, சட்டம் வைத்த அளவைத் தாண்டினால் அபராதம். கம்பெனிக்காரன் என்ன செய்வான்? அதிகம் குடிக்கிற பெரிய எஞ்சினை முதலில் தூக்கி எறிவான். தகட்டை மெலிசாக்குவான். சிலிண்டரைக் குறைப்பான். வருஷம் முழுக்கக் காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் கார் ஓட்டுகிற லட்சம் பேருக்கு அது நல்லது. ஊருக்கும் நல்லதுதான், புகை குறையும். நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னால் ஒன்றை மாட்டி இழுக்க வேண்டியவன் என்ன செய்வான்? அவனை யார் சராசரியில் சேர்த்தது?

ஷோரூம் பையன் புது வண்டியைக் காட்டினான். இது எவ்வளவு இழுக்கும் தம்பி என்று கேட்டேன். "இழுக்கறதுக்கா சார்? ரிப்பேர் ஆனா நாங்களே வந்து இழுத்துட்டுப் போவோம் சார், கவலையே வேண்டாம்" என்றான். இந்த நாட்டில் அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. புத்தகத்தை வாங்கி நானே பார்த்தேன். ஆயிரத்து இருநூறு கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருந்தது. என் கேரவன் ஆயிரத்து நூறு. கூட வந்த தாமோதரன், "அப்பறம் என்னங்க மச்சான், மைலேஜும் குடுக்குது, வண்டியும் இழுக்குது" என்று என் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, இதை வாங்க வைத்தான். நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? இதை என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். மைனாவதி அவசரப்பட்டாள், அதனால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம் கிளம்பினோம். விடிகாலையில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பின்னால் இருக்கிற தொட்டியில் நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பி. பஸ்ஸில் எப்போதும் கனமான சாமானெல்லாம் பின்னால்தானே இருக்கும்? தொட்டி, கேஸ் சிலிண்டர், ஸ்டெப்னி, பாட்டரி எல்லாவற்றையும் பின்னால்தான் வைத்திருந்தேன். காரில் மாட்டுவதற்கு முன்னால் மைனாவதி சோற்றுச் சட்டியோடு பின்படியில் ஏறினாள். முன்பக்க மூக்கு ஒரு சாண் எழும்பியது. அவளுக்குச் சிரிப்பு. "ஏனுங்க, பின்பாரமா இருக்குது பாருங்க. மாடு பூட்டியிருந்தா கழுத்து இறுகிப் போயிருக்கும்" என்றாள். அவள் அப்பா வண்டிமாடு வைத்து வெல்லம் ஏற்றினவர். அவளுக்கு எல்லாமே மாட்டு வண்டிதான். "இது உங்கப்பன் வண்டி இல்ல, பேசாம எறங்கு" என்றேன். இறங்கிவிட்டாள். சிரிப்பும் இறங்கிவிட்டது.

அரவக்குறிச்சி தாண்டி ஒரு பாலத்து இறக்கம். எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பஸ்காரன் பக்கத்தில் உரசிக்கொண்டு முந்தினான். அந்தக் காற்றில் கேரவன் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஆட்டம் பெரிதாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. "யாரோ பொறத்தால பிடிச்சு ஆட்டற மாதிரி இருக்குதுங்க" என்றாள் மைனாவதி. பிரேக்கை அழுத்தினேன். அவ்வளவுதான். கார் குறுக்கே திரும்பியது, கேரவன் படுத்தது. பழைய வண்டியாக இருந்தால் அதன் கனத்துக்கு அசைந்திருக்காது. தகரடப்பா கார்! மைலேஜுக்காக மெலிந்துபோன கார்! அதனால்தான் என்கிறேன். இப்போது புரிகிறதா உங்களுக்கு?

எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடது தோள் உடைந்தது. ஆபரேஷன் செய்தார்கள், கம்பி வைத்தார்கள். கை தோளுக்கு மேல் இன்னும் எழும்பவில்லை. தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது. ஈரோட்டில் தாமோதரனின் மனைவி பின்னிவிடுகிறாள். மைனாவதி முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாளாம்.

அன்றைக்கு கிரேன்காரன் வந்து கேரவனை நிமிர்த்தினான். மைனாவதி சாலையோரத்தில் என் வேட்டியால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. அந்த ஆள் மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பின்பாரமுங்க. கனத்தையெல்லாம் பொறத்தால ஏத்தி வெச்சிருக்கறீங்க. அதான் ஆட்டியிருக்குது" என்றான். எல்லோர் முன்னாலும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் முந்நூறு பஸ்ஸுக்கு பாடி கட்டுனவன்டா. எனக்கு நீ பாடம் எடுக்காதே" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். போலீஸ்காரர்தான் விலக்கிவிட்டார். மைனாவதி என்னைப் பார்த்தாள். வலியில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிடப் போனேன். கோபமெல்லாம் இல்லை, காபி கொடுத்தாள். "நடந்தது நடந்து போச்சுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, கெளம்பி வர்றேன்" என்றாள். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். சராசரி, அபராதம், எஞ்சின் எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரிங்க. அப்ப அந்த வண்டி அந்த ஷெட்டை விட்டுப் போகட்டும். போன மறுநாள் நான் வர்றேன். அதைப் பாத்துக்கிட்டு என்னால அங்க இருக்க முடியாது" என்றாள். தாமோதரன் வாசல்வரை வந்து, "மச்சான், டில்லிக்கு ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க" என்றான். கிண்டல்தான். ஆனால் நான் போட்டேன். இதுவரைக்கும் ஒன்பது லெட்டர். இழுக்கிற வண்டிகளைச் சராசரியிலிருந்து விலக்கக் கோரி. ஒன்றுக்குப் பதில் வந்தது, உங்கள் கருத்து பெறப்பட்டது என்று.

மறுபடியும் ஏன் பின்னால் போய்க் குனிகிறீர்கள்? அது பழைய ஓட்டை. போல்ட் போட்ட ஓட்டை, அடைத்திருக்கிறேன். பெயின்ட் புதிதாக இருந்தால் என்ன? என் ஷெட், என் பெயின்ட்.

தொட்டி எங்கே என்றா கேட்கிறீர்கள்?

முன்னால் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில், மூக்கை ஒட்டி. சிலிண்டரும் பாட்டரியும் அங்கேதான். ஸ்டெப்னியையும் முன்னால் கொண்டுவந்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் மாற்றினேன். இப்போது அந்த மூக்கை நீங்கள் தூக்கிப் பாருங்கள். எழும்பாது. நூற்றைந்து கிலோ அழுத்துகிறது. நிறுத்துப் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு மூக்கில் உட்கார வேண்டும். அப்போதுதான் வண்டி ஆடாது. எந்தக் கார் இழுத்தாலும் ஆடாது, உங்கள் மூணு சிலிண்டர் இழுத்தாலும். இதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. ஒரு விரல் என்று சொன்னபோதே முகத்தைச் சுளித்தீர்கள். எனக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கார்ப் புத்தகத்தில். ஆயிரத்து இருநூறு கிலோ என்று போட்டிருந்ததே, அதற்கு அடுத்த வரியில். கொக்கியின் மேல் இவ்வளவு பாரம் இருக்க வேண்டும் என்று. முதல் வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவன் நான்.

அப்படியானால் அந்த இரண்டு பேரை ஏன் திருப்பி அனுப்பினேன்? கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் காலத்தில் கேரவன் வாங்க வருகிற எவனும் உங்கள் கார் மாதிரி ஒன்றில்தான் வருவான். வேறு கார் சந்தையில் இல்லை. சட்டம்தான் காரணம் என்று நான் சொன்னால், இதை எவனுக்கும் விற்க முடியாது. விற்காவிட்டால் அவள் வர மாட்டாள். விற்க வேண்டுமென்றால், தம்பி, உங்கள் கார் இழுக்கும், அன்றைக்கு ஆட்டியது என் கைவேலை, இப்போது சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பெற்ற மகன் மாதிரி இருக்கிற முன்பின் தெரியாத ஒருவரிடம். கட்டினவளிடம் சொல்லாததை. பல் டாக்டர் கிளம்பிப் போனபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது என்ன நிம்மதி? பெண்டாட்டி வருகிற வழியை அடைத்துவிட்டு நிம்மதிப்படுகிறவன் என்ன மனுஷன்? இதையும் என்னையே கேட்டிருக்கிறேன்.

சொல்லிவிட்டேனே இப்போது. உங்களிடம் சொல்லியாகிவிட்டது. போதாதா?

ஒன்று செய்யுங்கள். அவள் நம்பர் உங்களிடம்தானே இருக்கிறது? நீங்களே பேசுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் வந்து பார்த்ததாகவும், முன்பு பின்பாரமாக இருந்திருக்கிறது என்று நீங்களாகக் கண்டுபிடித்ததாகவும், உடனே அவரும் ஒத்துக்கொண்டார் என்றும் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டார் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். விலையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டீர்களா? ஏன், வாய் வலிக்குமா? மைலேஜ் பார்த்து வண்டி வாங்குகிறவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாதுதான். என்ன செய்கிறீர்கள்? போடாதீர்கள். கட் பண்ணுங்கள் என்கிறேன். தம்பி! அட, எடுத்துவிட்டாளா?

கொடுங்கள்.

மைனா, நான்தான். ஆமா, அவரு போன்ல இருந்துதான் பேசறேன். இல்ல, சண்டையெல்லாம் போடல. அவரை எதுவும் சொல்லல. வண்டி இங்கதான் நிக்குது. இரு, வெச்சுராதே. ஒரு விஷயம். தண்ணித் தொட்டியைக் கழட்டி முன்னாடி மாத்திட்டேன். சிலிண்டரும்தான். பாட்டரி, எல்லாமே. ம். நீ சொன்னதுதான். அன்னிக்குக் காத்தால நீ சொன்னியே, அதுதான். பின்பாரம். பின்பாரந்தான்னு சொல்றேன்ல. என் தப்புதான், மைனா. உந் தோளு என்னாலதான். அழுவாதே. இவரு குழந்தைக எல்லாம் பாக்குதுக.

எப்பவா? எதை? தொட்டியா?

அது, ஷெட்டுல வேலை இல்லாம இருந்தப்ப. ஆடி பதினெட்டு முடிஞ்சு ரெண்டு நாள்ல. இந்த ஆடி எங்க இன்னும் வந்துச்சு? இது வைகாசி. போன ஆடிதான். ஆமா. உன்னைக் கூப்பிட வந்தனே, அதுக்கு முந்துன வாரம்.

மைனா?

வைத்துவிட்டாள். இந்தாருங்கள் உங்கள் போன். அவள் சத்தம் போடவில்லை. "அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட வந்து ஒரு மணி நேரம் அந்தச் சட்டத்தைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். பிறகு, "வண்டியை அவருகிட்டக் குடுத்து அனுப்பிடுங்க" என்றாள். மறுநாள் வருகிறேன் என்ற பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் நிற்கிறீர்கள்? காரை இன்னும் ஒரு அடி பின்னால் விடுங்கள். கொக்கியை நானே மாட்டுகிறேன். வீட்டம்மாவை இறங்கி அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இதோ விளக்கு ஒயர், இதோ சங்கிலி. அறுபதுக்கு மேல் போகாதீர்கள். பணத்தை அவள் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். என்னிடம் எதுவும் பேச வேண்டாம். போங்கள்.

தப்பைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி. அவள் தேதி கேட்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.